யாழ்ப்பாணத்தில் இப்போது யார் தியேட்டருக்குப் போகிறார்கள்?

ரொறன்ரோவில் வளர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் தடவையாக யாழ்ப்பாணம் வருகிறேன். அப்பா சொல்லும் கதைகளில் ஊர் நிறையத் தியேட்டர்கள். இப்போதும் அங்கே தியேட்டருக்குப் போய்ப் படம் பார்க்கிறார்களா? எப்படிப்பட்ட படங்கள் ஓடுகின்றன? ஊரில் எடுக்கும் படங்களை எங்கே பார்க்கலாம்?"

பார்க்கிறார்கள். பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் நாளில் நீங்கள் வந்தால், தியேட்டர் வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. அதே படத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை போனால் விரும்பிய இருக்கையில் இருந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு பார்க்கலாம். இதை வைத்து, யாழ்ப்பாணத்தாருக்குப் படத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆசை அப்படியே இருக்கிறது. ஒரு படத்துக்கு இந்த ஊரில் கிடைக்கும் நாட்கள்தான் சுருங்கிவிட்டன. உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னது கட்டுக்கதை இல்லை. வின்சர், ராஜா, ராணி, லிடோ, மனோகரா, வெலிங்டன், சாந்தி, ஸ்ரீதர் என்று நகருக்குள்ளேயே அடுத்தடுத்துப் படமாளிகைகள் இருந்தன. கோட்டைப் பக்கமாக இருந்த ரீகலில் ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். கலரி, ஓ.டி.சி., பல்கனி என்று வகுப்புப் பிரித்து டிக்கெட் விற்பார்கள். கலரியில் விசில், பல்கனியில் குடும்பம். படங்கள் வந்து சேர்வது மட்டும் தாமதம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு வெளிநாட்டுப் படங்களை இறக்குவதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போயின. இந்தியப் படங்கள் அளந்துதான் வந்தன. வந்த பிரதிகளும் சொற்பம். சென்னையில் ஓடி முடிந்து வெகுகாலமான படத்துக்கு இங்கே வரிசை நிற்கும். ஆனால் அந்தத் தாமதத்தோடு ஒரு பெரிய நன்மையும் சேர்ந்தே வந்தது. வந்த படம் உடனே போய்விடாது. முதல் வாரம் நகரத்துப் பெடியன்கள் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லிக் கேட்டு இரண்டாம் வாரம் சுன்னாகத்தாரும் மானிப்பாயாரும் வருவார்கள். வடமராட்சியில் இருந்து ஒரு குடும்பம் நாள் பார்த்து, பிள்ளைகளுக்கு உடுப்புத் தோய்த்து, பொதி கட்டிக்கொண்டு வந்து சேர்வதற்கு மூன்றாம் நாலாம் வாரம் ஆகும். அப்போதும் படம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு படம் நல்ல படம் என்று ஊர் தீர்ப்புச் சொல்ல அவகாசம் இருந்தது.

போரின் கதையை நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். படம் பார்ப்பதோடு தொடர்புள்ள பகுதியை மட்டும் சொல்கிறேன். எண்பதுகளிலேயே வீடியோ வந்துவிட்டது. ஓர் இரவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து விடிய விடிய மூன்று நாலு படம் போடுவார்கள். பெட்டியை வாங்கில் தூக்கி வைத்து, அதன் முன்னால் படங்கு விரித்துவிட்டால் அதுதான் கலரி. ஜெனரேட்டரின் இரைச்சல் வசனத்தை விழுங்காதிருக்க அதை வேலிக்கு அப்பால் பக்கத்து வளவில் வைத்து வயர் இழுப்பார்கள். முதலில் பக்திப் படம் ஒன்று. வயதானவர்கள் அதோடு எழும்பிப் போவார்கள். பிறகு சண்டைப் படம். விடியப்புறம் ஓடும் கடைசிப் படத்தைக் கண் திறந்து பார்த்து முடித்தவர் எவரும் இருக்கமாட்டார். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தியேட்டர்கள் இருண்டன. அப்போதும் ஜெனரேட்டரைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் படம் பார்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. இங்கே சினிமா மேல் ஆசை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

பழைய மாளிகைகளில் பல மீண்டும் எழவில்லை. ஸ்ரீதர் தியேட்டர் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகம் ஆனது. சில இடிந்தன, சில வேறு தொழிலுக்குப் போயின. ராஜா, செல்வா, மனோகரா போன்ற சில பெயர்கள்தான் போருக்குப் பிறகும் படம் போட்டுத் தாக்குப்பிடித்தன. 2013இல் கார்கில்ஸ் ஸ்கொயர் என்ற கடைத்தொகுதி திறக்கப்பட்டதும் குளிரூட்டிய சிறிய திரையரங்குகள் ஊருக்கு அறிமுகமாயின. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் இளம்பெண்கள் தோழிகளோடு தனியாகப் படத்துக்குப் போவது அதன் பிறகுதான் சாதாரணமானது என்பது என் கணிப்பு. கடைகளுக்கு மேல் தியேட்டர், வெளிச்சமான படிக்கட்டு, ஒழுங்கான கழிப்பறை. படமாளிகை என்றால் பெடியன்களின் இடம் என்ற பழைய எண்ணத்தை அந்தக் கழிப்பறை உடைத்த அளவுக்கு எந்தப் படமும் உடைக்கவில்லை. தியேட்டர் நடத்துகிறவர்கள் எவராவது இதைப் படித்தால் இந்த வரியைத் தயவுசெய்து கவனியுங்கள்.

இன்றைக்குப் படம் பெட்டியில் சுருளாக வருவதில்லை. வன்தட்டில் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் மின் திறவுகோலைத் தனியாக அனுப்புவார்கள். அது குறிப்பிட்ட புரொஜெக்டரில், குறிப்பிட்ட திகதியில் இருந்து குறிப்பிட்ட திகதி வரைக்கும்தான் வேலை செய்யும். இதனால் சென்னையில் வெளியாகும் அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் படம் வெளியாகிறது. சில வேளைகளில் இங்கேதான் முந்தி. 2023 ஜனவரியில் சென்னையில் நள்ளிரவுக் கொண்டாட்டத்தின்போது ஓர் இளைஞர் லொறியில் இருந்து விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்று ஆனது. இங்கே அந்தத் தடை இல்லை. கட்அவுட், மாலை, பால், வெடி எல்லாம் இந்த ஊரிலும் உண்டு. அதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நான் சுளிப்பதில்லை. பத்துப் பேர் ஒன்றாக நின்றாலே கேள்வி கேட்கப்பட்ட ஊரில், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் விடியப்புறம் ஒன்றுகூடி ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆடட்டும். பாலை ஊற்றாமல் விட்டால் இன்னும் நல்லது. பால் மாவுக்கு வரிசை நின்ற 2022 அவ்வளவு தூரத்தில் இல்லை.

எனக்குள்ள கவலை அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றியது அல்ல. அது முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியது. பெரிய படம் வந்தால் நகரத்தில் உள்ள திரைகள் எல்லாமே அதற்குத்தான். முதல் மூன்று நாளில் போட்ட காசை எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஆள் குறைந்தால் அடுத்த வெள்ளிக்கு வேறு படம். அதற்குள் கைத்தொலைபேசியில் டெலிகிராம் வழியாகத் திருட்டுப் பிரதி வந்துவிடும். கொஞ்சம் பொறுத்தால் ஓடிடியில் நல்ல பிரதியே வந்துவிடும். 2025 ஜூன் 5இல் வெளியான 'தக் லைஃப்' எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு வரும் என்று முதலில் சொன்னார்கள். படம் எடுபடாமல் போக, ஜூலை 3இலேயே வந்துவிட்டது. நாலு வாரம் என்பது இப்போது தமிழ்ப் படங்களுக்குப் பொதுவான கணக்கு. தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்கள் எட்டு வாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். எங்கள் ஊருக்கும் அது கிடைத்தால் பெரிய உதவி. நாலு வாரத்தில் வீட்டுக்கே வரும் என்று தெரிந்த பிறகு, டிக்கெட்டுக்கும் பெற்றோலுக்கும் இடைவேளைச் சிற்றுண்டிக்குமாகச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க ஒரு குடும்பம் யோசிக்கும்தானே.

இதில் அடிபடுவது பெரிய படங்கள் அல்ல, நல்ல சிறிய படங்கள். அவற்றுக்கு முதல் நாள் கூட்டம் கிடையாது. பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வருவதுதான் அவற்றுக்கு வழி, அதற்கு நாள் வேண்டும். 2024 செப்டெம்பர் 20இல் 'லப்பர் பந்து' வந்தது. தமிழ்நாட்டில் அது வாய்வழிப் பேச்சிலேயே காட்சிகள் கூடிக் கூடி ஓடிய படம். கதையைப் பாருங்கள்: ஊர்க் கிரிக்கெட் ஆட்டக்காரர் இருவரின் வீம்பு, ஒருவனின் காதலி மற்றவனின் மகள், அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் சாதி. எங்கள் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்காத கழக மைதானம் எது? ஒரு கழகத்துக்குள் யார் வரலாம் என்ற பேச்சு எங்களுக்குப் புதியதா? யாழ்ப்பாணத்துக்கென்றே எடுத்ததுபோல் இருந்தது. மென்பந்து விளையாடும் பெடியன்கள் பலர் அதைப் பார்த்தது கைத்தொலைபேசியில்தான். கேட்டால், "நல்ல படம் என்று தெரிய வருவதற்குள் எடுத்துவிட்டார்கள்" என்பார்கள். விளையாட்டுப் படத்தைக் கூட்டமாக இருந்து பார்ப்பதில் உள்ள சுகம் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

அதற்கு அடுத்த வாரமே 'மெய்யழகன்'. தஞ்சாவூர் வீட்டைச் சொத்துத் தகராறில் இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், 22 ஆண்டுகள் கழித்து ஒரு கலியாணத்துக்காக ஓர் இரவு ஊருக்குத் திரும்புகிறான். பெரும்பகுதி இரண்டு ஆண்கள் இருந்து கதைப்பதுதான் படம். நீளம் என்று குறை வந்து, வெளியான பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு அந்த வெட்டில் உடன்பாடு இல்லை. திரும்பி வந்தவன் பழைய வீட்டை வெளியில் நின்று பார்க்கும் இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் விளக்கம் தேவைப்படவில்லை. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீட்டை விட்டுவிட்டு உறவினர் வீட்டில் வாழ்ந்து முடித்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்து தன் வளவுக்குள் வேறு குடும்பம் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவோடு சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். வெட்டாத நீளத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். 2025 மே 1இல், சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்த சிறிய படம் அது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அதுதான் முதற்படம். பொருளாதார நெருக்கடியில் வாழ முடியாமல் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போய், பிறகு சென்னையில் தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு வாடகைக்கு இருக்கும் ஈழத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் பேச்சைப் பேசுகிறார்கள். அந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் பார்ப்பதும் இங்கே பார்ப்பதும் ஒன்றல்ல. அங்கே சிரித்த இடங்களில் இங்கே சிரிப்பு வரவில்லை. அங்கே யாரும் கவனிக்காத ஒரு சொல்லுக்கு இங்கே தியேட்டர் முழுக்கச் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாய், சிம்ரன் வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் மெல்லத் திருத்திக்கொண்டே இருந்தார். "அப்படி இழுக்கமாட்டோம்", "இது சரி", "இது மன்னார்ப் பக்கம்" என்று மகளின் காதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தவர், இடைவேளைக்குப் பிறகு திருத்துவதை நிறுத்திவிட்டார். அவருடைய கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டது. பேச்சு பிசகியிருந்தாலும் அந்தக் குடும்பத்தின் பயம் பிசகவில்லை. அறிமுகமில்லாத ஊரில் வாய் திறந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள், அந்தத் தியேட்டருக்குள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அந்தப் படத்தில் எனக்குக் குறையும் உண்டு. அகதி வாழ்வின் கசப்பை மிகவும் இனிப்பாக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாகக் குடியுரிமை இல்லாமல் இருக்கும் எங்கள் மக்களை அந்தக் கதை தொடவில்லை. ஒரு தெரு முழுக்க நல்லவர்கள் என்பது ஆசைக்கு நல்லது. ஆனாலும் 2000இல் 'தெனாலி'யில் எங்கள் பேச்சு சிரிப்புக்கு வந்தது. 25 ஆண்டுகள் கழித்து அதே பேச்சைக் கதாநாயகனும் நாயகியும் பேச, தமிழ்நாட்டு மக்கள் அவர்களோடு சேர்ந்து அழுதார்கள். அதைச் சின்ன விடயமாக நான் எடுக்கமாட்டேன்.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கு இப்போது பெரிய படங்களில் ஓங்கி நிற்கிறது: துப்பாக்கி, இரத்தம், காது கிழியும் ஓசை. ரஜினிகாந்தின் 'கூலி' 2025 ஆகஸ்ட் 14இல், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது வந்தது. இந்தியத் தணிக்கையில் அதற்கு வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழ். ரஜினி படத்துக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போக முடியாத காலம் வரும் என்று எங்களில் யார் நினைத்தோம்? என் வயதுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், இப்போது தியேட்டருக்கு வர மறுப்பதற்கு முதற்காரணமாகச் சொல்வது சத்தம். நவீன ஒலியமைப்பில் ஒரு குண்டுவெடிப்பு இருக்கையை அதிரவைக்கிறது. செல் விழுந்தபோது பதுங்குகுழிக்குள் இருந்த உடம்பு அது. கதை வேறு, படம் வேறு என்று மூளைக்குத் தெரிந்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஓசையைக் குறைத்து ஒரு மதியக் காட்சி போடலாம். செலவே இல்லாத காரியம். கேட்டுப் பார்த்திருக்கிறேன்; பெடியன்களுக்குப் பிடிக்காது என்கிறார்கள். பெடியன்கள் மதியக் காட்சிக்கு வருவதே இல்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். மாலைக் காட்சி முடிந்து வெளியில் வந்தால் பஸ் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் போவார், ஓட்டோ பிடிக்க வசதி உள்ளவர் போவார். காரைநகர்த் தாயும் பிள்ளைகளும் எப்படிப் போவது? முன்பு அந்தந்த ஊர்ப் பக்கத்திலேயே தியேட்டர்கள் இருந்தன. இப்போது எல்லாம் நகருக்குள் வந்து சேர்ந்துவிட்டன. மக்கள் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காட்சியை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தால் வடமராட்சியே வரும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

ஈழத்தில் தமிழ்ப்படம் எடுப்பது நேற்று ஆரம்பித்த வேலை அல்ல. முதற்படமான 'சமுதாயம்' 1962இல், 16 மில்லிமீற்றரில் வந்தது. 1972இல் கட்டடக் கலைஞரான வி.எஸ். துரைராஜா தன் சொந்தக் காசைப் போட்டு 'குத்துவிளக்கு' தயாரித்தார், டபிள்யூ.எஸ். மகேந்திரன் இயக்கினார். 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் சீதனத்தையும் சாதியையும் பற்றித் தமிழிலேயே 'பொன்மணி' எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானது. இந்த வரிசை அப்படியே வளர்ந்திருந்தால் இன்றைக்கு எங்களுக்கென்று ஒரு சினிமா இருந்திருக்கும். 1983 ஜூலையில் தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை ஹெந்தளையில் எரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் படம் எடுக்கும் ஆண்டுகளாக இருக்கவில்லை.

போருக்குப் பிறகு திரும்ப முளைத்தது. 2012இல் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில் வைத்துத் தமிழில் எடுத்த 'இனி அவன்', ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று காட்டியது. ரஞ்சித் ஜோசப் 'சினம்கொள்', 'ஊழி' எடுத்தார். ராஜ் சிவராஜ் 'புத்தி கெட்ட மனிதரெல்லாம்' எடுத்து, எங்கள் பெடியன்களின் நகைச்சுவையைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தார். மதிசுதா பலரிடம் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துக் கைத்தொலைபேசியிலேயே 'வெந்து தணிந்தது காடு' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி கதாநாயகனாக நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்றது. அது பிரெஞ்சுப் படம் என்றாலும் அதன் வாயில் தமிழ் இருந்தது.

இந்தப் படங்களுக்கு இங்கே நடப்பது என்ன தெரியுமா? இயக்குநரே தியேட்டரை ஒரு காட்சிக்கு வாடகைக்கு எடுக்கிறார். நடித்தவர்களே தெரிந்தவர்களுக்கு டிக்கெட் விற்கிறார்கள். முதல் நாள் நிறைந்துவிடும். நண்பர்கள், உறவினர்கள், கலைஞர்கள் எல்லாரும் வந்து கைதட்டுவார்கள். அடுத்த நாள் அந்தத் திரையில் சென்னைப் படம். பார்த்த ஒருவர் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் "இது பார்க்க வேண்டிய படம்" என்று சொல்வதற்குள் அந்தப் படம் இல்லை. படம் எடுத்தவரும் அதோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கும் லண்டனுக்கும் உங்கள் ரொறன்ரோவுக்கும் மண்டபக் காட்சிக்குப் புறப்படுகிறார். செலவழித்த காசு அங்கேதான் திரும்பி வர வேண்டும். இதனால் கதையும் புலம்பெயர்ந்தவரின் ஏக்கத்துக்கு ஏற்ப வளைகிறது. இன்றைய யாழ்ப்பாணத்தின் பிள்ளைகள், அவர்களின் ரியூஷன், வெளிநாட்டுக் காசு, போதைப்பொருள், காதல், கடன், வேலை இல்லாமை ஆகியவை படத்துக்குள் வர வேண்டும் என்றால், யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் படத்துக்குக் காசு கொடுக்கும் நிலை வர வேண்டும்.

என் யோசனை பெரியது இல்லை. நகரில் ஒரே ஒரு திரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு காலைக் காட்சி, ஒரு படத்துக்குத் தொடர்ந்து ஆறு வாரம். அதுவும் முடியாது என்றால், நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய கலாசார மையத்தில் 600 பேர் இருக்கக்கூடிய அரங்கம் இருக்கிறது. பேச்சுக்கும் பொன்னாடைக்கும் போக மிஞ்சும் நாட்களில் ஊர்ப் படங்களை அங்கே போடலாம். 2015இல் அனோமா ராஜகருணா முன்னின்று ஆரம்பித்த யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா, நல்ல படத்தைத் தேடி வரும் கூட்டம் இந்த ஊரில் இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. பல்கலைக்கழக மாணவர்கள் ஈரானியப் படத்தை இருந்து பார்த்துவிட்டு, வெளியில் வந்து கச்சான் கொறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாதாடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஊர்ப் படத்துக்கு வரமாட்டார்களா?

விழா பெரும்பாலும் நல்லூர் முடிந்த பிறகுதான் வரும். அதற்காகப் பயணத்தை இரண்டு மூன்று வாரம் நீட்ட முடிந்தால் நீட்டுங்கள். முடியாது என்றால், புறப்படுவதற்கு முன்பே மேலே சொன்ன இயக்குநர்களின் முகநூல் பக்கங்களைப் பாருங்கள். ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வருவார்கள் என்று கணக்குப் பார்த்துக் காட்சி வைப்பது வழக்கம். பெரிய நடிகரின் படம் அந்த நேரத்தில் வந்தால் முதல் நாள் காலைக் காட்சிக்கு ஒரு மைத்துனரோடு போங்கள். அந்த ஆரவாரத்தை ரொறன்ரோவில் பார்க்க முடியாது. சிறிய படம் ஏதாவது ஓடினால் வெள்ளி, சனியிலேயே போய்விடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் கிடைக்காது. மதியக் காட்சிக்கு மாமியையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேண்டாம், காசை வீணாக்காதே என்றுதான் முதலில் சொல்வார்கள். டிக்கெட்டை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், வருவார்கள்.